சாம்பல் மேட்டிலிருந்து பக்ஸ்டன்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் இருக்கும் ஊற்று ஊர் பக்ஸ்டன். அங்கே போய் வந்தவர்கள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் போடுகிறார்கள். பிறை வடிவில் வளைந்த பெரிய கல் கட்டடம், எதிரே ஏறிப்போகும் புல்சரிவு, ஓரத்தில் ஊற்றுக் குழாய். அழகுதான். ஆனால் அந்த ஊரை எனக்குப் புரியவைத்த இடம் வேறு. ஊருக்குத் தென்மேற்கே, ரயில் நிலையத்திலிருந்து நடந்தே ஏறிவிடக்கூடிய கிரின் லோ என்ற குன்று. காட்டைத் தாண்டி மேலே வந்தால் புல் மூடிய மேடுகளும் குழிகளுமாக ஒரு வெளி விரியும். குழந்தைகள் அந்தக் குழிகளில் ஓடிப் பிடித்து விளையாடுவார்கள், நாய்கள் உருளும். பார்த்தவுடன் இயற்கையாக அமைந்த மேடு என்றே தோன்றும். அத்தனையும் சுண்ணாம்புக் காளவாய்கள். நூற்றுக்கு மேற்பட்டவை. மேடுகள் எல்லாம் காளவாயிலிருந்து வாரிக் கொட்டிய சாம்பல்.

நான் கட்டடங்களுக்குக் கான்கிரீட் கணக்குப் போடுகிறவள். மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட்டில் குடியிருக்கிறேன், பக்ஸ்டன் ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. சிமென்ட்டுக்கும் சுண்ணாம்புக்கும் உள்ள உறவு தெரிந்ததால்தானோ என்னவோ, அந்த மேடுகள் என்னை விடவில்லை.

சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 டிகிரிக்குச் சூடாக்கினால் அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடும். நூறு கிலோ சுத்தமான கல் போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், மீதி காற்றோடு போய்விடும். அந்தச் சூட்டுக்கு எரிபொருள் வேண்டும். பக்ஸ்டனின் அதிர்ஷ்டம் அங்கேதான் இருந்தது. ஊரின் ஒரு பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக் கல், மறுபக்கம் கோய்ட் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் மேலாகவே கிடைத்த நிலக்கரி. இரண்டும் சில மைல் தூரத்துக்குள். கல்லையும் கரியையும் அடுக்கடுக்காகப் போட்டுப் பற்றவைத்து, நாட்கணக்கில் எரியவிட்டு, அடியிலிருந்து வாருவார்கள். வயலின் புளிப்பை முறிக்க அதை விவசாயிகள் வாங்கினார்கள், கொத்தனார்கள் வாங்கினார்கள், தோல் பதனிடுகிறவர்கள் வாங்கினார்கள்.

சுட்டவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதுதான் எனக்கு மனசைப் பிசைந்த விஷயம். 1780-களில் இந்தப் பக்கம் வந்த ஃபோஜா டி செயின்ட் ஃபாண்ட் என்ற ஃபிரெஞ்சு நிலவியலாளர் அதை எழுதிவைத்திருக்கிறார். காளவாய்களில் வேலை செய்யும் ஆட்களைப் பார்க்கிறார், ஆனால் வீடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பிறகு பார்த்தால் சாம்பல் மேடுகளின் நடுவிலிருந்தே புகை வருகிறது. மேட்டைக் குடைந்து அதற்குள்ளேயே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கட்டுமானக் கண்ணோடு பார்த்தால் இது நடக்கக்கூடியதுதான். சுண்ணாம்புத் தூளும் கரிச்சாம்பலும் கலந்து மழையில் நனைந்தால் வருஷக்கணக்கில் இறுகிக் கல் மாதிரி ஆகிவிடும். குடைந்தாலும் கூரை நிற்கும். ஆனால் அந்தச் சுவரோடு சுவராக ஒரு கைக்குழந்தையைப் படுக்கவைப்பதை நினைத்துப் பாருங்கள். சுட்ட சுண்ணாம்பின் தூசி ஈரம் பட்ட இடமெல்லாம் அரிக்கும். கண்ணும் மூக்கும் தொண்டையும் ஈரமான இடங்கள்தானே.

இதே காலத்தில்தான், அதாவது 1780-க்கும் 1789-க்கும் இடையில், கீழே அந்தப் பிறைக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. ஐந்தாம் டெவன்ஷயர் டியூக் என்ற பிரபு கட்டவைத்தார், வடிவமைத்தவர் யார்க் நகரத்து ஜான் கார். பாத் நகரத்துக்குப் போட்டியாக ஒரு நீர்ச்சிகிச்சை ஊரை மலைமேல் உருவாக்குவது திட்டம். அப்புறம் வந்த ஆறாம் டியூக் 1820 வாக்கில் கிரின் லோ சரிவில் மரங்களை நடச்சொன்னார். குளிக்க வரும் பணக்காரர்களின் கண்ணுக்குக் காளவாய்த் தழும்பு தெரியக்கூடாது என்பது நோக்கம். இன்று நாம் பூட்ஸ் போட்டுக்கொண்டு 'என்ன அருமையான காடு' என்று நடப்பது அந்தத் திரைக்குள்ளேதான். காடு அருமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பீச் (beech, பழம் தரும் பீச் அல்ல) மரங்கள் வானத்தை மூடி நிற்கின்றன. பக்ஸ்டன் சிவிக் அசோசியேஷன் என்ற ஊர்ச் சங்கம் அதைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறது. வேர்களுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்து நடந்தால் இன்னும் நல்லது என்றுதான் சொல்கிறேன்.

அந்தக் காட்டின் அடியிலேயே பூல்ஸ் கேவர்ன் என்ற குகை இருக்கிறது. ரோமானியர் காலத்தில் உள்ளே உட்கார்ந்து உலோக வேலை செய்திருக்கிறார்கள். வழிகாட்டியோடுதான் போக முடியும். கூரையிலிருந்து தொங்கும் பெரிய கசிவுக்கல்லைப் பார்த்து எல்லோரும் வாய்பிளப்பார்கள். எனக்குப் பிடித்தது குகையின் இன்னொரு அறை. தரையிலிருந்து குட்டிக் குட்டியாக எழும்பிய கற்கள், வெள்ளை உடம்பு, உச்சியில் ஆரஞ்சு மஞ்சள். அரைவேக்காட்டு முட்டை என்றே அந்த அறைக்குப் பெயர். ஆரஞ்சு நிறம் இரும்பால் வந்தது. இவை மற்றக் கசிவுக்கற்களைவிட வெகு வேகமாக வளர்கின்றன. காரணம் மேலே இருக்கும் அதே சாம்பல் மேடுகள். மழை நீர் அந்தச் சாம்பலில் இறங்கி, சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு குகைக்குள் சொட்டுகிறது. சாம்பல் வீட்டில் இருந்தவர்களின் உழைப்பு இன்றைக்கும் அங்கே கல்லாகிக்கொண்டிருக்கிறது. வழிகாட்டி இதைச் சொன்னபோது நான் டார்ச்சை அந்தப் பக்கமே பிடித்துக்கொண்டு நின்றேன், கூட்டம் அடுத்த அறைக்குப் போய்விட்டது.

சரி, கல்லின் கதைக்கு வருவோம். மான்செஸ்டரிலிருந்து வரும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், வேலியைப் பார்த்தே நிலவியல் படிக்கலாம். முதலில் வரும் கல் வேலிகள் கருப்பு. அது மணற்கல், முரட்டுக் கல், மாவு அரைக்கும் ஆலைக் கற்களுக்கு உளி வைத்த கல். அதன் மேல் கரிமண், ஹீதர் என்ற குட்டைப் புதர், சதுப்பு. பக்ஸ்டனைத் தாண்டிக் கிழக்கே போனால் வேலிகள் வெளுத்துவிடும். அது சுண்ணாம்புக் கல். ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இந்த நிலம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் கிடந்தபோது, ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் ஓடுகளும் பவளங்களும் கடல் அல்லி என்ற விலங்குகளும் செத்துச் செத்துப் படிந்த அடுக்கு. உடைந்த கல்லைக் கையிலெடுத்தால் வட்ட வட்டமாக அந்த அல்லிகளின் தண்டுத் துண்டுகள் தெரியும். கருப்புப் பக்கத்தை டார்க் பீக் என்றும் வெள்ளைப் பக்கத்தை ஒயிட் பீக் என்றும் சொல்கிறார்கள். பக்ஸ்டன் இரண்டும் சந்திக்கும் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. ஊற்றும் அந்த விளிம்பால் வந்த பேறுதான். சுண்ணாம்புக் கல்லின் பிளவுகளில் இறங்கிய மழை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழம் வரை போய்ச் சூடேறி, ஊர் நடுவே எழும்பி வருகிறது. இப்போது வரும் நீர் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குளிரோ வெயிலோ, வெப்பம் 27.5 டிகிரியை விட்டு அசையாது. நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர் அளவில் வருகிறது.

அம்மா இங்கே வந்திருந்தபோது கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு முழங்கால் வலி. செயின்ட் ஆன் ஊற்றில் சிங்க வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும், யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், காசு கிடையாது. எங்களுக்கு முன்னால் ஒருவர் கார் டிக்கி நிறையக் கேன்களை வைத்துக்கொண்டு நிதானமாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா கையை நீட்டிப் பார்த்தார்.

"ஏண்டி, இது வெந்நீரா பச்சத் தண்ணியா? ரெண்டும் இல்லாம இருக்கே."

"பூமிக்குள்ள இருந்து வர்ற சூடும்மா. யாரும் காய்ச்சல."

"அப்ப குளிக்கலாம். குடிக்க ஒரு மாதிரிதான் இருக்கும்."

குடித்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல, ருசி இல்லாத ருசி" என்றார். முழங்காலுக்கு ஒரு கை அள்ளித் தடவிக்கொள்ளவும் தவறவில்லை. ஊற்றில் இறங்கிக் குளித்து நோய் போக்கிக்கொள்வது அவருக்கு விளக்கம் தேவையில்லாத விஷயம்.

இங்கேயும் அந்த நம்பிக்கை பழையது. ரோமானியர்கள் பிரிட்டனில் 'அக்வே', அதாவது நீர்கள், என்று பெயர் வைத்த ஊர்கள் இரண்டே. ஒன்று பாத், மற்றது இது. அக்வே ஆர்னெமெட்டியே. ஆர்னெமெட்டியா ரோமானியர்களுக்கு முன்பே இங்கிருந்த மக்களின் தேவதை. அவர்கள் வந்து அவளை விரட்டவில்லை, அவள் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். பிற்காலத்தில் அதே ஊற்றுக்குப் புனித அன்னாள், அதாவது செயின்ட் ஆன், காவலானாள். குணமானவர்கள் ஊன்றுகோலையும் சட்டையையும் மெழுகுக் காணிக்கையையும் அங்கேயே விட்டுப் போவார்கள். 1538-ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் உத்தரவோடு சர் வில்லியம் பாசெட் என்பவர் வந்து, சிலையையும் ஊன்றுகோல்களையும் அள்ளிக்கொண்டு போனார். குளியல் இடங்களைப் பூட்டி முத்திரை வைத்தார். நடந்து வந்தவர்கள் விட்டுச் சென்ற கோல்களை மூடநம்பிக்கை என்று அள்ளிப்போன அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பூட்டு ரொம்ப நாள் நிற்கவில்லை. அடுத்த தலைமுறையிலேயே பிரபுக்கள் குளிக்க வந்தார்கள். ஸ்காட்லாந்து ராணி மேரி வந்தார், கைதியாக. அவரைக் காவலில் வைத்திருந்த ஷ்ரூஸ்பரி பிரபுவுக்கு இங்கே ஒரு மாளிகை இருந்தது. 1573-லிருந்து 1584 வரை பல கோடைகளில், மூட்டு வலிக்காக இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்திடம் அனுமதி கேட்டுக் கேட்டு வந்தார். கடைசியாக வந்தபோது, உன்னை மறுபடி பார்ப்பேனோ மாட்டேனோ என்று பக்ஸ்டனுக்கு விடைசொல்லும் இரண்டு லத்தீன் வரிகளை ஜன்னல் கண்ணாடியில் கீறிவிட்டுப் போனாராம். 1587-ல் தலை போயிற்று. அந்த மாளிகை இருந்த இடத்தில் ஓல்ட் ஹால் ஹோட்டல் இப்போதும் நடக்கிறது.

பிறைக் கட்டடத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் அதுவும் மலைக்குள்தான் போகிறது. ஸ்டாஃபர்ட்ஷயர் எல்லையில், மேனிஃபோல்ட் ஆற்றோரம் எக்டன் என்ற குன்று. அதற்குள் செங்குத்தாக இறங்கிய செம்புத் தாது. 18-ஆம் நூற்றாண்டில் டெவன்ஷயர் டியூக்குகளுக்குப் பெரும் லாபம் கொட்டியது அந்தச் சுரங்கம். ஆண்கள் உள்ளே இறங்கினார்கள், பெண்களும் சிறுவர்களும் வெளியே தாதுக்கல்லை உடைத்துப் பிரித்தார்கள். கட்டடத்தைப் பாராட்டும்போது அந்தச் சுத்தியல் சத்தமும் எனக்குள் கேட்கத்தான் செய்கிறது. பிறைக் கட்டடம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, நெடிய பழுதுபார்ப்புக்குப் பின் 2020-ல் ஹோட்டலாகத் திறந்தார்கள். கல் வேலை நேர்த்தியாக இருக்கிறது. இடித்துப்போடாமல் பொறுமையாக மீட்டவர்களைக் கும்பிடத் தோன்றியது.

அதற்குப் பின்னால் மேட்டில் நிற்கும் குவிமாடத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டும், என் தொழில் அப்படி. அதுவும் ஜான் கார் கட்டியதுதான், ஆனால் குதிரை லாயமாக. விருந்தாளிகளின் வண்டிக் குதிரைகளுக்குச் சுற்றிலும் கொட்டடி, நடுவில் திறந்த வட்ட முற்றம். 1859-ல் அதில் ஒரு பகுதியை ஏழைகளுக்கான மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். கொஞ்ச காலம் ஒரே கட்டடத்தில் ஒரு பக்கம் குதிரைகள், மறுபக்கம் நோயாளிகள். பிறகு முழுவதும் மருத்துவமனையாயிற்று. நடு முற்றத்துக்குக் கூரை போடும் வேலை ராபர்ட் ரிப்பன் டியூக் (இங்கே டியூக் பட்டமல்ல, பெயர்) என்ற கட்டடக் கலைஞரிடம் வந்தது. வேலை நடந்துகொண்டிருக்கும்போது, 1879 டிசம்பர் 28 இரவு, ஸ்காட்லாந்தில் டே பாலம் புயலில் ரயிலோடு இடிந்து விழுந்தது. அந்தச் செய்திக்குப் பிறகு இங்கே கணக்கைத் திரும்பப் பார்த்து, கூரையைத் தாங்கும் வளைந்த இரும்புக் கரங்களின் எண்ணிக்கையை 22 ஆகக் கூட்டினார்கள். எங்கோ நடந்த விபத்தைப் பார்த்துத் தன் வரைபடத்தைத் திருத்திக்கொண்ட அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை. 1881-ல் முடிந்தபோது குறுக்களவு 44 மீட்டர். ரோமின் பாந்தியன் குவிமாடத்தைவிட, செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயக் குவிமாடத்தைவிட அகலம். நடுவில் தூணே இல்லாமல் உலகத்திலேயே பெரியது என்று அன்றைக்குப் பெயர்.

அதன் கீழே நடந்து பழகியவர்கள் லங்காஷயர், யார்க்‌ஷயர் நெசவாலைகளிலிருந்து வந்த தொழிலாளிகள். ஈரமும் இரைச்சலுமான கூடங்களில் நின்று நின்று மூட்டு போனவர்கள். மழையானாலும் பனியானாலும் நடைப்பயிற்சிக்கு வட்டமாக ஒரு பெரிய இடம். 1948-ல் தேசிய சுகாதார சேவைக்குள் வந்து, 2000-ல் மூடப்பட்டு, இப்போது டெர்பி பல்கலைக்கழகத்தின் கையில். உள்ளே போய்ப் பார்க்கலாம். நடுவில் நின்று மெதுவாகப் பேசினாலும் குரல் சுற்றிவந்து காதில் விழும்.

வானிலை பற்றி ஒரு எச்சரிக்கை. ஊர் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரம். 1975 ஜூன் 2, டெர்பிஷயரும் லங்காஷயரும் இங்கே ஆடிய கிரிக்கெட் பந்தயம் பனிப்பொழிவால் நின்றது. ஜூன் மாதம்! சனிக்கிழமை வெயிலில் கிளைவ் லாய்ட் ஆட்டமிழக்காமல் 167 அடித்தார், லங்காஷயர் 5 விக்கெட்டுக்கு 477. திங்கள்கிழமை மைதானம் வெள்ளை. பனி உருகி ஊறிய ஆடுகளத்தில் செவ்வாயன்று டெர்பிஷயர் 42-க்கும் 87-க்கும் சுருண்டது. நம்ம வெங்கட்ராகவன் அந்த ஆண்டுகளில் டெர்பிஷயருக்கு ஆடியவர் என்பது உபரித் தகவல்.

மேற்கே ஆக்ஸ் எட்ஜ் என்ற மேட்டுச் சதுப்பு, 551 மீட்டர். டவ், மேனிஃபோல்ட், வை, டேன், கோய்ட் என்று ஐந்து ஆறுகள் அதன் மடிப்புகளில் பிறக்கின்றன. கோய்ட்டும் டேனும் மேற்கே ஐரிஷ் கடலுக்குப் போக, மற்ற மூன்றும் ட்ரென்ட் ஆற்றில் சேர்ந்து வடகடலுக்குப் போகின்றன. காற்று அங்கே ஆளைத் தள்ளும். நான் அதிக நேரம் நின்றதில்லை.

கிரின் லோ உச்சியில் சாலமன்ஸ் டெம்பிள் என்ற சின்ன கோபுரம் உண்டு, 1896-ல் கட்டியது, வெண்கலக் காலப் புதைமேடு ஒன்றின்மேல். ஏறி நின்று கிழக்கே பாருங்கள். வெள்ளையாக வெட்டுப்பட்ட மலைகள் தெரியும். சுண்ணாம்பு வேலை நின்றுவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது, அளவு பெருத்திருக்கிறது. 1891-ல் சுற்றுவட்டாரக் குவாரி முதலாளிகள் பலர் பக்ஸ்டன் லைம் ஃபர்ம்ஸ் என்று ஒன்றுசேர்ந்தார்கள். இன்று டன்ஸ்டெட் குவாரி ஐரோப்பாவின் மிகப்பெரிய சுண்ணாம்புக்கல் குவாரிகளில் ஒன்று. அங்கிருந்து பல பத்தாண்டுகளாகக் கல் ரயிலேறி செஷயரின் நார்த்விச் சோடா ஆலைகளுக்குப் போனது. கண்ணாடிக்கும் சோப்புக்கும் அந்தச் சோடா வேண்டும். பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக 1951-ல் பீக் டிஸ்ட்ரிக்டுக்கு எல்லை போட்டபோது, பக்ஸ்டனையும் அதன் குவாரிகளையும் வெளியே விட்டுவிட்டார்கள். வரைபடத்தில் பூங்காவுக்குள் ஒரு பெரிய கடி விழுந்த மாதிரி இருக்கும். குவாரியில் வேலை செய்கிற குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. நானே தினமும் கான்கிரீட் கணக்கு எழுதுகிறவள். அதனால் அந்த வெட்டுகளை அசிங்கம் என்று சுலபமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கே நிறுத்துவது, எப்படி மூடுவது என்பதில் கறாராக இருக்கவேண்டும் என்றுமட்டும் நினைக்கிறேன்.

மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹார்ப்பர் ஹில் சாட்சி. அங்கே கைவிட்ட குவாரிக் குழியில் தேங்கிய தண்ணீர் அப்படியொரு நீலம். கோடையில் ஜனங்கள் நீந்தப் போனார்கள். சுண்ணாம்பு கலந்த அந்த நீரின் காரத்தன்மை பிஹெச் 11.3, தோல் வெந்துவிடும். பலகை வைத்தும் கேட்காததால் 2013-ல் தண்ணீரில் கருப்புச் சாயம் ஊற்றினார்கள், ஆசை விட்டுப்போகட்டும் என்று.

நேரம் இருப்பவர்கள் வை ஆற்றோடு கிழக்கே, பழைய ரயில் பாதையில் அமைந்த மான்சல் டிரெயில் நடக்கலாம். 1863-ல் மிட்லாண்ட் ரயில்வே அந்தப் பள்ளத்தாக்கில் பாலம் கட்டியபோது, பக்ஸ்டன் முட்டாள்கள் அரைமணியில் பக்கத்து ஊரான பேக்வெல் போவதற்காக ஒரு பள்ளத்தாக்கையே அழித்துவிட்டார்கள் என்று கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் கொதித்தார். 1968-ல் ரயில் நின்றது. 2011-ல் சுரங்கப் பாதைகளை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் திறந்தார்கள். மில்லர்ஸ் டேல் நிலையத்தை ஒட்டி 1880-ன் பெரிய காளவாய்கள் சுவராக நிற்கின்றன, பக்கத்துப் பழைய குவாரியில் ஆர்க்கிட் பூக்கிறது.

போகிறவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். மான்செஸ்டர் பிக்கடிலியிலிருந்து ரயில் ஒரு மணி நேரம். இறங்கியதும் பிறைக் கட்டடத்துக்குப் போகாமல் முதலில் கிரின் லோ ஏறுங்கள், வழுக்காத பூட்ஸோடு. அப்புறம் குகை, அப்புறம் குவிமாடம். ஊற்றைக் கடைசியில் வைத்துக்கொண்டு, காலி பாட்டில் ஒன்று கையோடு எடுத்துப் போங்கள். முழங்கால் வலிக்காரர்கள் யாராவது கூட வந்தால் பூல்ஸ் கேவர்ன் வாசல் வரை கார் போகும், அங்கிருந்து காட்டுப் பாதை ஏற்றம்தான், அவசரப்படாமல் ஏறலாம்.